பத்து லட்ச ரூபாயும் நான்கு கார்களும்

திருப்பூரில் இருக்கும் தங்கை 2025 ஆடி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் இரவு போன் செய்தாள். கார் வாங்குவதென்று முடிவாகிவிட்டது. எந்தக் கார் என்பதில்தான் வீடு நான்காகப் பிரிந்து நிற்கிறது. மாப்பிள்ளைக்குப் புது வண்டி வேண்டும், ஷோரூம் வாசலில் மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் எடுத்து வர வேண்டும். அவருடைய அப்பா இன்னோவாவைத் தவிர வேறெதையும் காராகவே ஒத்துக்கொள்ள மாட்டார். பெரிய மகனுக்கு மின்சாரக் கார் மீது கண். தங்கைக்கோ பணம் கரையக் கூடாது.

“அஞ்சு வருஷம் கழிச்சு பெரிய வண்டி எடுக்கலாம்னு இருக்கோம்ண்ணா. அப்போ இதை வித்தா கையில எவ்வளவு நிக்கும்? அதை மட்டும் சொல்லு.”

கார் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் மைலேஜ் கேட்பார்கள், கலர் கேட்பார்கள். விற்கும் நாளைப் பற்றி வாங்கும் நாளிலேயே கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் மாதம் ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் காரில் ஆகும் மிகப் பெரிய செலவு பெட்ரோலும் இல்லை, சர்வீஸும் இல்லை. நின்ற இடத்திலேயே வண்டி இழக்கும் மதிப்புதான். அதற்கு மட்டும் யாரும் பில் கொடுப்பதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை.

தங்கையின் நிலவரம் இது. கையில் ஏழு லட்சம் ரூபாய் இருக்கிறது. லோன் சேர்த்தால் பத்து, பதினொன்று வரை போகலாம். வீட்டில் நான்கு பேர். மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டம், ஐந்து வருடம் வைத்திருக்கும் திட்டம். இதை வைத்துத்தான் நான்கு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கணக்குப் போட்டேன். கீழே வரும் விலைகள் நான் அப்போது கொங்குப் பக்கத்தில் விசாரித்ததை ஒட்டி முழு எண்ணாக்கியவை. ஐந்து வருடம் கழித்து வரும் விற்பனை விலைகள் என் அனுமானம். உங்கள் ஊரில், உங்கள் வண்டிக்கு எண் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் அளவுகோல்

“இந்த வண்டி அறுபது சதவீதம் நிற்கும், அந்த வண்டி நாற்பதுதான் நிற்கும்” என்று சந்தையில் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்து போவோம். இருபத்தைந்து லட்சம் ரூபாய் வண்டி ஐந்து வருடத்தில் முப்பது சதவீதம்தான் இழக்கிறது என்றாலும் போனது ஏழரை லட்சம். எட்டு லட்சம் ரூபாய் வண்டி பாதி விலைக்கு இறங்கினாலும் போனது நான்கு லட்சம்தான். ஆகவே நான் எடுத்துக்கொள்ளும் அளவு ஒன்றே ஒன்று: வாங்க ஆன மொத்தத் தொகையிலிருந்து விற்று வரும் தொகையைக் கழித்து, வைத்திருந்த வருடங்களால் வகுத்தால் வருடத்துக்கு எத்தனை ரூபாய் கரைகிறது?

மொத்தத் தொகை என்பது ஆன்ரோடு விலை, அதாவது ஷோரூம் விலையோடு சாலை வரி, இன்சூரன்ஸ், மற்ற சில்லறைகள் எல்லாம் சேர்ந்தது. இங்கேதான் தமிழ்நாட்டில் வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 2023 நவம்பரிலிருந்து இங்கே புதுக் காரின் வாழ்நாள் சாலை வரி ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சம் என்ற கோட்டைத் தாண்டும் இடத்தைப் பாருங்கள். 9.9 லட்சம் ரூபாய் காருக்கு வரி சுமார் 1,28,700. 10.1 லட்சம் ரூபாய் காருக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் ஐம்பத்து மூவாயிரம் கூடுகிறது. சன்ரூஃப் வேண்டுமென்று ஒரு வேரியன்ட் மேலே போகிறவர்கள் இந்தக் கோட்டை அறியாமலே தாண்டிவிடுகிறார்கள். விற்கும்போது அந்தச் சன்ரூஃபுக்குக் கொஞ்சம் விலை கிடைக்கும். அந்த வரிக்குத் தனியாக யாரும் விலை தர மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் காப்பீட்டு மதிப்புக்கு ஒரு தேய்மான அட்டவணை வைத்திருக்கின்றன: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. எல்லாக் கம்பெனிக் கார்களுக்கும் ஒரே அட்டவணைதான். சந்தை அப்படிப் பார்ப்பதில்லை. அதனால் இந்த அட்டவணையை நான் ஓர் உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன். ஒரு நான்கரை வயது வண்டியின் காப்பீட்டு மதிப்பு நான்கு லட்சம் என்று பாலிசியில் இருந்து, சந்தையில் ஐந்து லட்சத்துக்கு ஆள் நிற்கிறார்கள் என்றால் அது மதிப்பு நிற்கும் வண்டி. மூன்றுக்குக்கூட ஆள் வரவில்லை என்றால் எதிர்ப்பக்கம். எந்த மாடலைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது

என் தாய்மாமா கரூரில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார் கன்சல்டிங், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடை, வைத்திருக்கிறார். தங்கை விஷயமாக அவரைப் பார்க்கப் போனபோது கடை முன்னால் இரண்டு கார்கள் நின்றன. இரண்டும் 2019 மாடல், கிட்டத்தட்ட ஒரே அளவு ஓடியவை. ஒன்று ஸ்விஃப்ட், இன்னொன்று புதிதாய் வாங்கும்போது அதைவிட ஒரு லட்சம் கூடுதலான, உள்ளே இன்னும் சொகுசான வேறு கம்பெனி வண்டி. ஸ்விஃப்ட் வந்து நான்கு நாள்தான் ஆகிறது, மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். மற்றது இரண்டு மாதமாக நிற்கிறது, மேலே புழுதி படிந்திருந்தது.

“ஏன் மாமா, ஓட்டிப் பார்த்தா அதுதானே நல்லா இருக்கு?”

“வண்டி நல்ல வண்டிதான் கண்ணு. ஆனா அரவக்குறிச்சில ஒருத்தர் வாங்கிட்டுப் போய் கிளட்ச் போச்சுன்னா எங்க போவாரு? ஸ்விஃப்ட்டுன்னா அவங்கூரு மெக்கானிக்கே கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டுவான். சாமான் கரூர்லயே கெடைக்கும்.”

அதுதான் விஷயம். இரண்டாவதாக வாங்குகிறவர் பயந்துகொண்டே வாங்குகிறார். வாரன்ட்டி முடிந்த வண்டி, செலவு வைத்தால் யார் பொறுப்பு என்ற பயம். எந்த வண்டி அந்தப் பயத்தைக் குறைக்கிறதோ அதற்கு விலை நிற்கிறது. சின்ன ஊரிலும் சர்வீஸ், வெளியில் கிடைக்கும் சாமான், எல்லா மெக்கானிக்குக்கும் கை பழகிய இன்ஜின். மாருதியின் ஆல்ட்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா ஆகியவை நிற்பதற்கு இதுதான் காரணம். ஹூண்டாய்க்கு இங்கே கூடுதலாக ஒரு பிடிமானம் உண்டு. 1998-லிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் வண்டி செய்கிறார்கள். சான்ட்ரோ காலத்திலிருந்தே தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு அது சொந்த வண்டி மாதிரி.

எதிர்ப்பக்கத்துக்கும் நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. வண்டியில் ஒரு நட்டுகூட மாறவில்லை, ஆனால் மறுநாளே ஈகோஸ்போர்ட், ஃபிகோ விலைகள் ஆட்டம் கண்டன. 2017 கடைசியில் செவர்லே விற்பனையை நிறுத்தியபோது பீட், க்ரூஸ் வைத்திருந்தவர்களுக்கும் இதுவே நடந்தது. வாங்கும்போது அந்தக் கம்பெனி இங்கே தங்குமா என்று யோசிப்பதும் மறுவிற்பனைக் கணக்கில் ஒரு பகுதி.

ஆனால் இதற்கு மறுபுறம் ஒன்று உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விழுந்து முடிந்த வண்டிக்கு இனி விழ அதிக உயரம் இல்லை. ஃபோர்டு போனாலும் சாமான் விநியோகம் தொடர்கிறது. பக்கத்தில் அந்த வண்டி தெரிந்த மெக்கானிக் இருந்து, ஏழெட்டு வருடம் ஓட்டிவிட்டுக் கொடுப்பதாக இருந்தால், நன்றாக வைத்திருந்த ஈகோஸ்போர்ட் வருடக் கணக்கில் மலிவான கார். இறக்கம் முழுவதையும் முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். தங்கைக்கு இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படி ஒரு மெக்கானிக் இல்லை.

புதுக் கார்

மாப்பிள்ளை கேட்டது பலேனோ அல்லது ஐ20 அளவில் ஒரு பெட்ரோல் வண்டி. ஆடியில் ஷோரூம் விலை ஒன்பது லட்சம். சாலை வரி 1.17 லட்சம், இன்சூரன்ஸ், மற்ற சில்லறைகள் சேர்த்து ஆன்ரோடு சுமார் 10.7 லட்சம்.

அந்த ஆகஸ்ட் 15 அன்று, தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்தார். நான் உடனே தங்கையிடம் எதையும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொன்னேன். செப்டம்பர் 22-லிருந்து நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத வரியும் ஒரு சதவீத மேல்வரியும் போய் 18 சதவீதம் மட்டும் என்றானது. ஒன்பது லட்சம் ரூபாய் வண்டியில் கணக்குப் பார்த்தால் ஷோரூம் விலை சுமார் 8.23 லட்சம். அதற்கேற்ப சாலை வரியும் குறைந்து ஆன்ரோடு 9.8 லட்சத்துக்கு வந்தது.

வாங்குகிறவருக்குச் சந்தோஷம். ஆனால் ஆகஸ்டில் இதே வண்டியை எடுத்து நம்பர் வாங்கியவர், ஒரு கீறல்கூட விழாமல் முக்கால் லட்சத்துக்கு மேல் இழந்தார். பழைய வண்டியின் விலை எப்போதும் அதே மாடல் புது வண்டியின் விலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். 2021, 22-ல் சிப் தட்டுப்பாட்டால் புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தபோது பழைய வண்டிகள் ஏறியதும் இதே கயிறுதான். காரைப் புதிதாய் எடுத்து இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிறவர்கள் மேல்தான் இந்த ஏற்ற இறக்கம் முழுதாக விழும். பத்து வருடம் வைத்திருப்பவரை இது தொடுவதே இல்லை.

புது வண்டியை 9.8 லட்சத்துக்கு எடுத்து ஐந்து வருடம் கழித்து 5.3 லட்சத்துக்குக் கொடுத்தால் இழப்பு 4.5 லட்சம், வருடத்துக்கு 90,000. ஏழு லட்சம் போக மீதி 2.8 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஐந்து வருட லோன் என்றால் வட்டி மட்டும் ஏறக்குறைய 69,000. அதையும் சேர்த்தால் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல்.

ஒன்று சொல்ல வேண்டும். புது வண்டிதான் வேண்டும் என்றால் டிசம்பர் தள்ளுபடியைப் பார்த்து மயங்காதீர்கள். நம் சந்தையில் வண்டியை ‘மாடல்’ வருடத்தால்தான் விலை பேசுகிறார்கள். டிசம்பர் கடைசியில் எடுத்த வண்டி பத்து நாளில் போன வருட மாடல். தள்ளுபடி ஒரு வருட இறக்கத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டும் அது லாபம். ஜனவரியில் எடுத்தாலும் தயாரித்த மாதம் என்ன என்று ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், பாருங்கள், அடுத்து வாங்குகிறவர் நிச்சயம் பார்ப்பார்.

அப்பா சொன்ன இன்னோவா

2005-ல் குவாலிஸ் போய் இன்னோவா வந்தது. இருபது வருடமாகத் தமிழ்நாட்டில் அதன் விலையைத் தாங்கிப் பிடித்திருப்பது குடும்பங்களைவிட டிராவல்ஸ்காரர்கள்தான். கார்த்திகை பிறந்தால் சபரிமலை, தைப்பூசத்துக்குப் பழனி, பிறகு கல்யாண சீசன். நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவா சாதாரணமாகக் கண்ணில் படும். அந்த டீசல் இன்ஜின் தாங்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் எந்த வயதிலும் ஓர் ஆள் காத்திருக்கிறார். 2016-ல் வந்த கிரிஸ்டாவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் தொகைக்குக் கிடைத்தது கிரிஸ்டா அல்ல, அதற்கு முந்தைய 2015 மாடல் இன்னோவா, 9.5 லட்சம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பத்து வருட வண்டிக்கு இந்த விலை என்றால் அதன் மதிப்பு எப்படி நிற்கிறது என்று புரியும். மாப்பிள்ளையின் அப்பா சொன்னதும் அதுதான்: “இது எங்கயும் போகாதுங்க. அஞ்சு வருஷம் ஓட்டிட்டு ஆறரைக்குக் குடுத்தரலாம்.”

ஆனால் 2015 மாடல் வண்டிக்கு 2030-ல் என்ன வயது? பதினைந்து. சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. பதினைந்து வருடத்துக்குத்தான். பிறகு எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், அதன் மேல் பசுமை வரி. அந்தத் தொகை பெரிதல்ல. எஃப்.சி.க்குத் தயார்செய்யும் டிங்கரிங், பெயிண்டிங், சஸ்பென்ஷன் வேலைதான் பெரிது. நாம் விற்கப்போகும் நாளும் ஆர்.சி. முடியும் நாளும் ஒன்றாக வந்தால் வாங்குகிறவர் அத்தனையையும் விலையில் கழித்துவிடுவார். ஆறரை என்பது ஐந்தரையாகும் என்றே நான் வைத்துக்கொண்டேன். அப்படியானால் இழப்பு நான்கு லட்சம், வருடத்துக்கு 80,000.

அதோடு டீசலுக்கும் டயருக்கும் சின்ன காரைவிடக் கூடுதல் செலவு. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டியையும் பதினேழு கொடுக்கும் வண்டியையும் மாதம் 700 கிலோமீட்டரில் வைத்துப் பார்த்தால் எரிபொருளில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 15,000 வித்தியாசம். ஆகமொத்தம் சதவீதத்தில் ராஜாவாக இருக்கும் வண்டி, ரூபாயில் புதுச் சின்ன காருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஏழு பேர் அடிக்கடி போகும் குடும்பம், வருடத்துக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் என்றால் நான் யோசிக்காமல் இன்னோவா என்பேன், அதுவும் ஆறேழு வயதுக் கிரிஸ்டா. ஆர்.சி.யில் இன்னும் எட்டு வருடம் மிச்சம் இருக்கும். எந்தப் பழைய வண்டியிலும் ‘இப்போது என்ன வயது’ என்பதோடு ‘நான் விற்கும்போது என்ன வயது’ என்றும் கேட்டுவிடுங்கள்.

டெல்லியிலிருந்து வரும் இன்னோவா, ஃபார்ச்சூனர் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று தடை வந்ததிலிருந்து அவை மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. விலையைக் கேட்டால் ஆசை வரும். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரி எல்லாம் சேர்க்க வேண்டும். கடைசியில் விற்கும்போது ஆர்.சி.யில் வெளிமாநிலத்திலிருந்து வந்த வண்டி என்பது தெரியும், விலை இறங்கும். வாங்கும்போது கிடைத்த லாபம் அங்கே போய்விடும். வாடகை வண்டிக்கான டி-போர்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றிய வண்டிக்கும் இதே நிலைதான்.

மின்சாரக் கார்

மகன் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டாடா தியாகோ மாதிரி ஒரு சின்ன மின்சாரக் கார் ஆன்ரோடு பதினொரு லட்சத்துக்குள் வருகிறது. ஜிஎஸ்டி 5 சதவீதம், தமிழ்நாட்டில் அப்போது சாலை வரியும் கிடையாது.

மறுவிற்பனையில்தான் இடி. காரணம் பேட்டரி. பெட்ரோல் இன்ஜினின் உடல்நிலையைக் காதால் கேட்டே ஒரு மெக்கானிக் சொல்லிவிடுவார். பேட்டரிக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று கரூர்க் கன்சல்டிங்கில் நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது. வாரன்ட்டி பொதுவாக எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஐந்து வருடம் கழித்து விற்கும்போது மிச்சம் மூன்று வருடம். சில மாடல்களில் ஆயுள்கால பேட்டரி வாரன்ட்டி என்று விளம்பரம் வருகிறது. அது முதல் உரிமையாளருக்கு மட்டும் என்றால், கைமாறியதும் வருடக் கணக்குக்கு இறங்கிவிடும். வாங்கும்போதே அந்த வரியைப் படித்துவிட வேண்டும். இன்னொரு காரணம், வருடா வருடம் அதே விலைக்கு இன்னும் தூரம் ஓடும் புது மாடல் வந்துவிடுகிறது.

பதினொரு லட்சத்துக்கு எடுத்து ஐந்து வருடத்தில் நான்கரை லட்சம் கிடைக்கும் என்று வைத்தால் வருட இழப்பு 1.3 லட்சம். ஆனால் இந்தக் காருக்குக் கணக்கு இங்கே முடிவதில்லை. பெட்ரோல் நூறு ரூபாய், லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது, ஏறக்குறைய 5.90. வீட்டு மின்சாரம் யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்து, ஒரு யூனிட்டில் ஆறரை கிலோமீட்டர் ஓடினால் ஒன்றரை ரூபாய். மிச்சம் 4.40. மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டும் தங்கைக்கு வருடத்தில் 37,000 மிச்சம். இழப்பில் கழித்தால் 93,000, புது பெட்ரோல் காரின் 90,000-க்கு அருகில் வந்துவிடுகிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வருட மிச்சம் 79,000. அவருக்கு நிகர இழப்பு 51,000தான், இந்தப் பட்டியலிலேயே குறைவு. அவர் ஐந்து வருடத்தில் விற்காமல் எட்டு வருடம் ஓட்டினால் இன்னும் நல்லது.

பெருமாநல்லூரிலிருந்து கோவைக்குத் தினமும் போய்வருகிற ஒருவர் என்னிடம் கேட்டால் மின்சாரக் காரைத்தான் சொல்வேன். தங்கையின் ஓட்டம் அதற்குப் போதாது.

சொகுசு வண்டி ஆசை இடையில் மாப்பிள்ளைக்கு ஒருமுறை வந்து போனது. பன்னிரண்டு லட்சத்துக்கு எட்டு வருட ஜெர்மன் கார். புதிதில் நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. ‘முக்கால்வாசி விலை ஏற்கனவே இறங்கிவிட்டதே மச்சான்’ என்றார். இறங்கியது உண்மை. ஆனால் சாமான் விலை மட்டும் இன்னும் நாற்பது லட்சம் ரூபாய்க் காரின் சாமான் விலைதான். ஒரு கியர்பாக்ஸ் வேலையில் இரண்டு வருட மிச்சம் போய்விடும். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

மூன்றரை வயதுக் கார்

மாப்பிள்ளை கேட்ட அதே வண்டி, 2022 மாடல், முதல் உரிமையாளரிடமிருந்து. ஜிஎஸ்டி குறைந்த பிறகு இதன் விலையும் இறங்கி 6.6 லட்சத்துக்குக் கிடைக்கும் நிலை வந்தது. ஐந்து வருடம் கழித்து எட்டரை வயதில் 3.6 லட்சம் என்று வைத்தால் இழப்பு மூன்று லட்சம், வருடத்துக்கு 60,000. டயர், பேட்டரி, கிளட்ச் என்று புது வண்டியில் வராத செலவுக்கு வருடம் 12,000 சேர்த்தாலும் 72,000. லோனே வேண்டாம், ஏழு லட்சத்துக்குள் முடிகிறது. ஐந்து வருடத்தில் புது வண்டியைவிட 90,000 மிச்சம், வட்டி 69,000 மிச்சம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

லோன் போட்டுத்தான் பழைய கார் வாங்க முடியும் என்றால் இந்தக் கணக்கு இப்படி வராது. பழைய காருக்கு வட்டி சில சதவீதம் கூடுதல். முழுத் தொகையையும் லோனில் எடுப்பவருக்குப் புது வண்டிக்கும் பழையதுக்கும் இருக்கும் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு கழித்தல், இன்சூரன்ஸ். க்ளைம் செய்யாததற்கான போனஸ், அதாவது என்சிபி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை போகும். அது வண்டிக்குச் சொந்தமல்ல, ஆளுக்குச் சொந்தம். விற்கிறவர் தன் அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், வாங்குகிறவருக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் வருடப் பிரீமியம் விற்றவர் கட்டியதைவிடக் கூடும். இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் விலை பேசும்போது சொல்லலாம்.

தங்கை ஒரு நிபந்தனை போட்டாள். மிச்சம் எவ்வளவு என்றாலும் ஆறு ஏர்பேக் இல்லாத வண்டி வேண்டாம். அவள் சொன்னது சரி. பழைய மாடல்களில் கீழ் வேரியன்ட்டில் இரண்டு ஏர்பேக்தான் இருக்கும், மேலே போனால்தான் ஆறு. அதனால் தேடல் நீண்டது. ஆனால் இனி பழைய கார் வாங்குகிறவர்களும் இதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன், ஐந்து வருடம் கழித்து ஆறு ஏர்பேக் வண்டிக்குத்தான் ஆள் நிற்கும்.

ஐப்பசியில் ஈரோட்டில் ஒரு வண்டி கிடைத்தது. ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் வைத்திருந்தது, 31,000 கிலோமீட்டர். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லவே இல்லை. முதலில் டிரைவர் கதவின் ரப்பர் பீடிங்கை ஒரு விரலால் இழுத்து, உள்ளே கம்பெனி வைத்த புள்ளி வெல்டிங் வரிசையாக இருக்கிறதா என்று பில்லர் முழுக்கத் தடவினார். டிங்கரிங் நடந்திருந்தால் அந்தப் புள்ளிகள் மறைந்திருக்கும். பிறகு பானெட்டைத் தூக்கி, பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் டார்ச் அடித்தார். ஸ்பேனர் பட்டிருந்தால் போல்ட் முனையில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். ஆறு கண்ணாடிகளிலும் பொறித்திருக்கும் வருட எண்ணைப் பார்த்தார், எல்லாம் ஒன்றாக இருந்தன. கடைசியாகச் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“இதெதுக்குங்க மாமா?” என்றார் மாப்பிள்ளை.

“தண்ணில நின்ன வண்டின்னா எவ்வளவு கழுவுனாலும் இங்க சேத்து வாசம் போகாதுங்க மாப்ளே. சீட்டை மாத்திருவான், மேட்டை மாத்திருவான். பெல்ட்டைக் கழட்டி மாத்த மாட்டான்.”

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மலிவு விலையைக் கேட்டதும் அந்த பெல்ட் ஞாபகம் வர வேண்டும்.

ஒரே ஒரு குறை கண்டுபிடித்தார். டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கங்களில் மூன்று டயர்களில் 0822 என்றிருந்தது, 2022-ன் எட்டாவது வாரம், வண்டியோடு வந்தது. ஒன்றில் மட்டும் 1720. வண்டியைவிடப் பழைய டயர். வாத்தியார் மறைக்கவில்லை. பஞ்சரில் வெடித்துப்போய் அவசரத்துக்கு ஒரு கடையில் போட்டது, தேதி பார்க்கத் தெரியவில்லை என்றார். கேட்டது 6.85 லட்சம். நான்கு டயரையும் மாற்ற வேண்டும், என்சிபி கிடையாது என்று இரண்டையும் சொல்லி 6.6-க்கு முடித்தோம்.

பணம் கொடுப்பதற்கு முன் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஆர்.சி.யில் லோன் ஏறியிருக்கிறதா, அபராதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். வாத்தியார் வாங்கியபோது போட்ட லோன் அடைந்திருந்தது, ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது லோன் கொடுத்த பேங்கின் பெயர், இன்னும் நீங்கவில்லை. பேங்கிலிருந்து படிவம் 35 வாங்கி அதை நீக்கிய பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து. அதற்காக ஒன்பது நாள் காத்திருந்தோம், டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரம் மட்டும் கொடுத்து. இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற வாங்கியதிலிருந்து பதினான்கு நாள்தான் அவகாசம் என்பதால் அன்றே விண்ணப்பித்தோம்.

மாலை போடவும் எலுமிச்சம்பழம் நசுக்கவும் மாப்பிள்ளை மறக்கவில்லை. வாத்தியார் சாவியோடு ஒரு பழைய டைரியையும் கொடுத்தார். முதல் நாளிலிருந்து போட்ட ஒவ்வொரு பெட்ரோலும் ஒவ்வொரு சர்வீஸும் தேதி, கிலோமீட்டர், ரூபாயோடு நீல மையில் எழுதியிருந்தது. தங்கை அதை டேஷ்போர்டில் வைத்திருக்கிறாள், வாத்தியார் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து அவள் எழுதிக்கொண்டு வருகிறாள். 2030-ல் வண்டி பார்க்க வருகிறவரிடம் முதலில் அதைத்தான் காட்டப்போகிறாளாம்.